மலை ஏறும் காற்று: நீலகிரியில் இடிமழையும் அடைமழையும் புயல்மழையும் பிறக்கும் விதம்

2009 நவம்பர் 10 காலை கேத்தியில் மழைமானியைப் பார்த்தபோது, முந்தைய 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் பெய்திருந்தது. 2019 ஆகஸ்ட் 8 காலை அவலாஞ்சியிலும் கணக்கு அதே 82 சென்டிமீட்டர். ஒரு சென்ட் நிலத்துக்குக் கணக்குப் போட்டால் இது சுமார் 33,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்றை ஒரே நாளில் ஒரு சென்டில் கவிழ்த்ததற்குக் கொஞ்சம்தான் குறைவு.

இரண்டு ஊருக்கும் நேர்க்கோட்டில் அளந்தால் 20 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் முதல் மழை ஐப்பசியில், கிழக்கிலிருந்து வந்த காற்று கொண்டுவந்தது. இரண்டாவது ஆடியில், மேற்கிலிருந்து வந்த காற்று கொண்டுவந்தது. மலை ஒன்றுதான், அதில் ஏறிய பக்கம் வேறு. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் நீலகிரியிலும் பழனி மலையிலும் பெய்யும் எந்தப் பெருமழைக்கும் காரணம் தேடுவது எளிது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து மலை ஏறுகிறது, அதை ஏற்றிவிடுவது எது, எவ்வளவு ஈரத்தோடு ஏறுகிறது என்று கேட்டால் போதும்.

காற்று ஏறினால் என்ன ஆகும்

பெருமழைக்கு மூன்று சேர வேண்டும். காற்றில் ஈரம் இருக்க வேண்டும். கிளப்பிவிட்டால் தானே மேலே போகும் நிலையில் அந்தக் காற்று இருக்க வேண்டும். கிளப்பிவிட ஒரு தள்ளு வேண்டும். சமவெளியில் மூன்றாவது எப்போதாவதுதான் அமைகிறது. மலையில் அது இரவும் பகலும் அசையாமல் நிற்கிறது. சரிவுதான் அந்தத் தள்ளு.

சைக்கிள் டியூபில் காற்றை இறக்கும்போது வால்வு வாயில் விரல் வைத்தால் சில்லென்று இருக்கும். அடைபட்டிருந்த காற்று விரியும்போது தன் சூட்டையே செலவழித்து விரிகிறது, அதனால் குளிர்கிறது. மலை ஏறும் காற்றுக்கும் இதுதான் நடக்கிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, 1000 மீட்டருக்குச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் முன்பு சுமந்த அளவு நீராவியைச் சுமக்க முடியாது. ஒரு கட்டத்தில் மிச்ச நீராவி துளியாகிறது. அந்த உயரம்தான் மேகத்தின் அடிப்பகுதி.

எந்த உயரத்தில் அது நடக்கும் என்பதை வீட்டுச் சமையலறையிலேயே கணக்குப் போடலாம். எவர்சில்வர் டம்ளரில் பாதி அளவு தண்ணீர் எடுத்து, ஒரு தெர்மாமீட்டரை வைத்துக் கலக்கிக்கொண்டே ஐஸ் துண்டுகளைப் பொடியாக, ஒவ்வொன்றாகப் போடுங்கள். டம்ளரின் வெளிப்புறம் மங்கலாகி, விரலால் இழுத்தால் கோடு விழும் அந்த நொடியில் தண்ணீரின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஐஸ் போடுவதை நிறுத்தி, மெல்லச் சூடேற விட்டு, மங்கல் மறையும் வெப்பத்தையும் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் பனிநிலை, அதாவது அந்தக் காற்றில் உள்ள நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பம். ஐஸை மொத்தமாகப் போட்டால் அளவு தப்பும், ஏனென்றால் தண்ணீர் குளிரும் வேகத்துக்கு நம் கண் ஈடுகொடுக்காது. டம்ளருக்கு அருகில் மூச்சு விட்டாலும் தப்பும். பிளாஸ்டிக் டம்ளர் சூட்டைக் கடத்தாது என்பதால் அது உதவாது.

காற்றின் வெப்பத்திலிருந்து பனிநிலையைக் கழித்து, வரும் எண்ணை 125-ஆல் பெருக்கினால், அந்த இடத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் மேகம் தொடங்கும் என்பது வந்துவிடும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். ஏப்ரல் மாதம் ஒரு மணி வெயிலில் அங்கே 36 டிகிரி, பனிநிலை 22 டிகிரி என்று வையுங்கள். வித்தியாசம் 14. அதை 125-ஆல் பெருக்கினால் 1750. அதோடு 325-ஐக் கூட்டினால் 2075 மீட்டர். குன்னூர் 1850 மீட்டர், ஊட்டி 2240 மீட்டர். ஆக அன்று குன்னூர்க்காரருக்கு மேகம் தலைக்கு மேலே தாழ்வாகத் தொங்கும். இன்னும் மேலே, ஊட்டிப் பக்கம் வந்துசேர்பவருக்கு அதே மேகம் மூடுபனி. மலையில் மூடுபனி என்று சொல்வதில் பெரும்பகுதி, நாம் மேகத்துக்குள் நிற்பதுதான்.

ஐப்பசியில் அதே மேட்டுப்பாளையத்தில் 27 டிகிரி, பனிநிலை 23 என்று ஆகிவிட்டால், வித்தியாசம் 4. மேகம் 825 மீட்டரிலேயே தொடங்கிவிடும். கல்லாறு தாண்டி பர்லியார் வருவதற்குள் பஸ் டிரைவர் விளக்கைப் போடுவது இதனால்தான்.

துளி உருவாவதோடு கதை முடியவில்லை, உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. தண்ணீரை ஆவியாக்கச் செலவான சூடு, ஆவி மறுபடி துளியாகும்போது காற்றுக்கே திரும்பி வருகிறது. ஒரு லிட்டர் மழைநீர் உருவாகும்போது வெளிவரும் சூடு சுமார் 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். சிறிய எண்ணாகத் தெரியும். ஆனால் 10 சதுர கிலோமீட்டரில் 5 சென்டிமீட்டர் மழை என்றால் 50 கோடி லிட்டர், அதற்கு 35 கோடி யூனிட். புயலுக்கும் இடிமழைக்கும் எரிபொருள் இதுதான்.

இந்தச் சூடு கிடைப்பதால் மேகத்துக்குள் ஏறும் காற்று 1000 மீட்டருக்கு 10 டிகிரி குளிர்வதில்லை, சுமார் 5 டிகிரிதான் குளிர்கிறது. சுற்றியிருக்கும் காற்று 1000 மீட்டருக்கு 7 டிகிரி வீதம் குளிர்ந்துகொண்டே போகிறது என்றால், 3000 மீட்டர் ஏறியதும் மேகக்காற்று சுற்றுப்புறத்தைவிட 6 டிகிரி சூடாக இருக்கும். சூடானது லேசானது. இனி யாரும் தள்ள வேண்டியதில்லை, அது தானே மேலே பாயும்.

எதிர்மாறான நிலையைப் பார்க்க, தை மாதத்து விடியலில் தலைக்குந்தாவையோ காந்தலையோ நினைத்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் தரை சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. கனத்த குளிர்காற்று சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. கீழே குளிர், மேலே கதகதப்பு. புல்வெளியில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்போது பக்கத்து மேட்டில் அது இருக்காது. அங்கே காற்று ஏறத் துடிப்பதே இல்லை. மலை அதே மலைதான், சரிவும் அதே சரிவுதான், ஆனாலும் இடி இல்லை.

சித்திரை, வைகாசி: மத்தியான இடி

கோடை மழைக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. காலையில் சுள்ளென்று வெயில் அடித்தால் கிழக்கு நோக்கிய சரிவுகள் முதலில் காய்கின்றன. சரிவை ஒட்டிய காற்று, அதே உயரத்தில் பள்ளத்தாக்கின் நடுவே தொங்கும் காற்றைவிடச் சூடாகிறது. அதனால் 10 மணி வாக்கில் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி மெல்லிய காற்று கிளம்புகிறது. 12 மணிக்குள் முகடுகளின் மேல் பஞ்சுப்பொதி போலச் சிறு மேகங்கள். அவை அகலமாகப் பரவினால் பெரிதாக ஒன்றும் வராது. ஒரு பொதி மட்டும் காலிபிளவர் போல ஓரம் கூர்மையாக, அகலத்தைவிட உயரம் கூடிக்கொண்டே போனால் கவனிக்க வேண்டும். இரண்டு மணிக்குள் அதன் உச்சி 12 கிலோமீட்டரைத் தாண்டிவிடக்கூடும். உச்சியின் கூர்மை கலைந்து, சீவிவிட்ட பஞ்சு போல ஆகித் தட்டையாகப் பரவினால், மேலே பனிக்கட்டியாகிவிட்டது என்று பொருள். மின்னலுக்கு அதற்கு மேல் நேரம் ஆகாது.

இப்படிப்பட்ட ஒற்றை இடிமேகத்தின் ஆயுள் அரை மணியிலிருந்து ஒரு மணி வரை. முதலில் காற்று மேலே மட்டும் போகிறது. துளிகள் கனத்து விழத் தொடங்கியதும் அவை காற்றையும் இழுத்துக்கொண்டு இறங்குகின்றன. விழும் துளிகளில் ஒரு பங்கு வழியிலேயே ஆவியாவதால் அந்தக் காற்று இன்னும் குளிர்ந்து, கனத்து, தரையில் மோதி நாலாபக்கமும் பாய்கிறது. மழைக்கு ஐந்து நிமிடம் முன்னால் சட்டென்று வீசும் அந்தக் குளிர்காற்றும் மண்வாசனையும் அங்கிருந்து வருபவை. இறங்கும் காற்று பரவி, ஏறும் காற்றின் வழியை அடைத்துவிடும்போது மேகம் பட்டினி கிடந்து கலைகிறது. ஆனால் பரவிய குளிர்காற்று பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஈரக்காற்றுக்கு அடியில் ஆப்பு போல நுழைந்து, அதைத் தூக்கி அடுத்த மேகத்தைக் கிளப்பும். குன்னூரில் விட்ட மழை அரை மணியில் கோத்தகிரியில் பிடிப்பது இப்படித்தான்.

‘அந்தி மழை அழுதாலும் விடாது’ என்ற பழமொழியில் உண்மை இருக்கிறது. வெயிலால் பிறந்த மழைக்கு வெயில் சாய்ந்ததும் தீனி நின்றுவிடும். பொழுது சாய்ந்த பிறகு பிடிக்கும் மழைக்குப் பின்னால் வேறு ஏதோ பெரிய ஏற்பாடு இருக்கிறது. தாழ்வுப் பகுதியோ, இரண்டு திசைக் காற்று முட்டிக்கொள்வதோ எதுவாகவும் இருக்கலாம். அது சூரியனைக் கேட்டு நிற்பதில்லை.

ஆலங்கட்டி ஏன் மேட்டுப்பாளையத்தைவிட ஊட்டியில் அடிக்கடி விழுகிறது என்பதற்கு விடை வெறும் கழித்தல் கணக்கு. கோடையில் இந்தப் பகுதிக்கு மேலே, நீர் உறையும் உயரம் ஏறக்குறைய 5000 மீட்டர். அதற்கு மேலே, உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் மிதக்கும் துளிகள் ஏராளம். ஒரு சிறு பனித்துகள் அவற்றில் மோதினால் அவை அப்படியே ஒட்டி உறைகின்றன. மணிக்கு 50 கிலோமீட்டர் அளவில் மேலெழும் காற்று அந்தக் கட்டியை விழவிடாமல் தாங்க, அது வளர்கிறது. தாங்க முடியாத எடை வந்ததும் விழுகிறது. மேட்டுப்பாளையம் போய்ச்சேர அது 4600 மீட்டருக்கு மேல் சூடான காற்றில் பயணம் செய்ய வேண்டும், பெரும்பாலும் வழியிலேயே கரைந்து கொழுத்த மழைத்துளியாகிவிடும். ஊட்டிக்கு 2800 மீட்டர் போதும், அதுவும் குளிர்ந்த காற்றில். அதனால் கட்டியாகவே வந்து விழுகிறது. தேயிலையில் அடி வாங்குவது பறிக்க வேண்டிய இளங்கொழுந்துதான். கேரட், பீட்ரூட் தோட்டத்தில் மேல்தழை கிழிந்துபோவதால், கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருந்தும் பருக்க வழியில்லாமல் போகிறது.

மின்னலும் இதே பனிக்கட்டிகளின் உரசலில்தான் பிறக்கிறது. சிறு பனித்துகளும் மென்மையான ஆலங்கட்டியும் மோதிப் பிரியும்போது மின்னூட்டம் பிரிகிறது. லேசான துகள் நேர்மின்னோடு உச்சிக்குப் போகிறது, கனத்த கட்டி எதிர்மின்னோடு நடுவில் தங்குகிறது. வித்தியாசம் காற்றால் தாங்க முடியாத அளவுக்குப் போனதும் பாய்கிறது. பாயும் பாதையில் காற்று சுமார் 30,000 டிகிரிக்குச் சூடாகி வெடித்து விரியும் ஓசைதான் இடி. ஒலி ஒரு கிலோமீட்டர் வர 3 விநாடி ஆகும். மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணி, 3-ஆல் வகுத்தால் தூரம். மலையில் எதிரொலி சேர்ந்து இடி நீண்டு உருளும் என்பதால், முதல் முழக்கம் வரைதான் எண்ண வேண்டும், கடைசி முழக்கம் வரை எண்ணினால் மேகம் தூரத்தில் இருப்பதாகத் தப்புக்கணக்கு வரும்.

எண்ணிக்கை 30 விநாடிக்குக் குறைந்தால், அதாவது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டால், கொழுந்து பறிப்பதை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்கள்தான் சுற்றுவட்டாரத்தில் உயரமானவை. மழைக்கு ஒதுங்க அதன் அடியில் நிற்பதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை. மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர் உடம்புக்குத் தாவும். சுவரில்லாமல் தகரம் மட்டும் போட்ட கொட்டகையும் காப்பாற்றாது. ஃபேக்டரிக் கட்டடம் நல்லது, கண்ணாடி ஏற்றிய ஜீப்பும் பஸ்ஸும் நல்லவை. வேறு வழியே இல்லாமல் வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் இரண்டு பாதத்தையும் சேர்த்துவைத்துக் குந்த வேண்டும். மின்னல் தரையில் பரவும்போது, அகட்டிவைத்த இரண்டு காலுக்கும் இடையே மின்னழுத்த வித்தியாசம் வந்துவிடுகிறது. முன்காலும் பின்காலும் தள்ளித்தள்ளி இருக்கும் மாடுகள் மின்னலில் அதிகம் சாவது இதனால்தான்.

ஆடி: மேற்குச் சுவர்

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைத் தாண்டி வரும்போது, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் அதன் வேகம் உச்சத்தில் இருக்கிறது. அந்தக் காற்றுக்கு எதிரே, கேரளத்தின் நிலம்பூர்ச் சமவெளியிலிருந்து ஒரே தூக்காக எழுந்து நிற்கிறது குந்தா மலைத்தொடர். அதன் ஒரு சிகரமான முக்கூர்த்தி மட்டும் 2554 மீட்டர். காற்றின் வேகம் மிகுந்த அடுக்கைவிடச் சுவர் உயரம். எனவே காற்றுக்கு ஏறுவதைத் தவிர வழி இல்லை. இங்கே வெயிலின் உதவி தேவையில்லை, அதனால் நேரக் கணக்கும் இல்லை. இரவு இரண்டு மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் ஒரே மாதிரி பெய்யும். இடி அரிது. தேவாலா, பந்தலூர், கூடலூர், அவலாஞ்சி, மேல்பவானி எல்லாம் இந்தச் சுவரின் பக்கம்.

அதே நேரம் கோத்தகிரியில் வானம் மூடியிருக்கும், காற்று அடிக்கும், மழை என்னவோ சாரலோடு நின்றுவிடும். காரணத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். நிலம்பூர்ப் பக்கம் 28 டிகிரியில் கிளம்பும் காற்று, முதல் 500 மீட்டரில் 5 டிகிரி குளிர்ந்து மேகமாகிறது. அங்கிருந்து 2300 மீட்டர் வரை, மழையைக் கொட்டிக்கொண்டே 1000 மீட்டருக்கு 5 வீதம் 9 டிகிரி குளிர்கிறது. முகட்டில் 14 டிகிரி. கிழக்கே இறங்கும்போது ஈரம் தீர்ந்துவிட்டதால், 1000 மீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடேறுகிறது. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது 33, 34 டிகிரி. 28-இல் ஏறிய காற்று, நீரை மேற்கே விட்டுவிட்டு, ஆறு டிகிரி கூடுதலாக, வறண்டு இறங்குகிறது. உண்மையில் எல்லாக் காற்றும் இப்படிச் சுத்தமாக ஏறி இறங்குவதில்லை, வழியில் வேறு காற்றோடு கலக்கிறது. ஆனாலும் மசினகுடிப் பக்கம் முள்காடாகவும், சற்று மேற்கே கூடலூர் பசுமையாகவும் இருப்பதை விளக்க இந்தக் கணக்கு போதும்.

நீலகிரிக்குத் தெற்கே சுவர் உடைந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம், உயரமோ சில நூறு மீட்டர்கூட இல்லை. சுவரில் மோதிய காற்றில் ஒரு பங்கு இந்த வழியில் நெருக்கியடித்துப் பாய்கிறது. பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்தில் ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதும், அங்கே காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதும் இந்த உடைப்பின் பலன்.

2019 ஆகஸ்டில் நடந்தது என்ன? வங்கக்கடலின் வடமேற்கில், ஒடிசாக் கரைப் பக்கம் ஒரு ஆழ்ந்த தாழ்வு மண்டலம் உருவானது. நீலகிரியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். ஆனால் வட அரைக்கோளத்தில் தாழ்வு மண்டலத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகச் சுழலும். அதன் தெற்கே இருக்கும் நமக்கு அது மேற்குக் காற்று. ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்த பருவக்காற்றை அந்தச் சுழற்சி இன்னும் பலமாக இழுத்தது. இழுப்பு அங்கே, ஏற்றம் இங்கே. அதே நாட்களில் பக்கத்து வயநாட்டின் புத்துமலையும் சரிந்தது. ஆடியில் செய்தியில் ‘வடக்கு வங்கக்கடலில் தாழ்வு மண்டலம்’ என்று கேட்டால், நமக்கு அதனால் ஒன்றுமில்லை என்று நினைப்பது கூடலூர்க்காரர் செய்யக்கூடாத தவறு.

ஐப்பசி, கார்த்திகை: கடலில் பிறந்து மலைக்கு வருவது

புயல் பிறக்கக் கடல்நீர் 26.5 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அதுவும் மேற்பரப்பில் மட்டும் அல்ல, சுமார் 50 மீட்டர் ஆழம் வரை. மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக இருந்தால், காற்று கடலைக் கலக்கியதும் குளிர்நீர் மேலே வந்து அடுப்பை அணைத்துவிடும். பூமத்திய ரேகையிலிருந்து ஏறத்தாழ 5 பாகையாவது தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பப் போதாது. கீழ்க்காற்றும் மேல்காற்றும் ஏறக்குறைய ஒரே திசையில், ஒரே வேகத்தில் போக வேண்டும். வேறுபட்டால் ஏறிய சூடு ஓரிடத்தில் சேராமல் மேலே அடித்துச் செல்லப்படும். செய்தியில் உருவாகும் என்று சொல்லிப் பிறகு கலைந்துபோகும் பல தாழ்வுப் பகுதிகள் இந்த மூன்றாவதில்தான் தோற்கின்றன.

எல்லாம் சேர்ந்தால், இடிமேகங்கள் விடும் சூடு நடுவில் அழுத்தத்தைக் குறைக்க, சுற்றிலுமிருந்து ஈரக்காற்று உள்ளே பாய, அது இன்னும் மேகமாக, அழுத்தம் இன்னும் குறைய, சக்கரம் தானே வேகம் எடுக்கிறது. செய்தியில் வரும் பெயர்கள் இந்த வேகத்தின் படிகள். மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-ஐ எட்டினால் புயல் என்று பெயர் வைக்கிறார்கள், 89-இலிருந்து தீவிரப் புயல். இது காற்றின் படிதான், மழையின் படி அல்ல. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். மலைக்காரருக்குப் புயலைவிட, மெதுவாக நகரும் ஒரு சாதாரணத் தாழ்வு மண்டலம் பெரிய ஆபத்தைக் கொண்டுவரலாம்.

திசையை வைத்துப் பாருங்கள். சுழற்சி வங்கக்கடலில், நமக்குக் கிழக்கே இருக்கும்போது நீலகிரியில் வடக்குக் காற்று. அது நிலத்தின் மீது நெடுந்தூரம் வந்த காற்று, ஈரம் குறைவு. அதே சுழற்சி குமரிமுனையைச் சுற்றியோ தமிழகத்தைக் கடந்தோ அரபிக்கடல் பக்கம் போய்விட்டால், நாம் அதற்கு வடகிழக்கே வந்துவிடுகிறோம். அப்போது நம்மேல் வீசுவது தென்கிழக்குக் காற்று. வங்கக்கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு நேராகக் குன்னூர் மலைச்சரிவில் ஏறும் காற்று. சென்னையில் புயல் எச்சரிக்கை விலகி எல்லோரும் மூச்சு விடும் நேரம், குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஆபத்து தொடங்கும் நேரமாக இருக்கலாம்.

2009 நவம்பரில் அப்படித்தான் ஆனது. 9-ஆம் தேதி லட்சத்தீவுப் பக்கம் தாழ்வு மண்டலமாக இருந்தது, பிறகு பியான் புயலாகி 11-ஆம் தேதி மகாராஷ்டிரக் கரையைக் கடந்தது. நீலகிரிக்கு அது நேரடியாக வரவே இல்லை. ஆனால் அதற்குப் போன காற்று நம் கிழக்குச் சரிவில் ஏறித்தான் போனது. பல நாள் மழையில் ஏற்கெனவே ஊறிப்போன மண்மேல் 82 சென்டிமீட்டர். நூற்றுக்கணக்கான இடங்களில் மண்சரிவு, 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையின் ஆழமான செம்மண் நனைய நனைய எடை கூடுகிறது, மண் துகள்களுக்கு இடையே நீர் நிரம்பி அவற்றை ஒன்றோடொன்று பிடித்திருக்க விடாமல் நெட்டுகிறது. அதனால்தான் முதல் நாள் 10 சென்டிமீட்டருக்கு அசையாத சரிவு, நான்காம் நாள் 5 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. வீட்டுக்கு மேலே தரையில் புதிதாக வெடிப்பு, நேராக நின்ற கம்பமோ மரமோ சாய்வது, கதவு திடீரென்று சட்டத்தில் சிக்குவது, தெளிவாக ஓடிய ஊற்று கலங்குவது அல்லது சட்டென்று நிற்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பழனி மலைக்கு 2018 நவம்பர் 16-இல் கஜா வந்த வழி வேறு. வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல், உள்நாட்டில் பலம் குறைந்துகொண்டே திண்டுக்கல் வழியாக மேற்கே போய் அரபிக்கடலில் இறங்கியது. தரையில் உராய்வதால் சமவெளியில் காற்று தளர்ந்தாலும், 2000 மீட்டர் உயரத்தில் உராய்வு குறைவு. அந்த உயரத்தில்தான் கொடைக்கானல் இருக்கிறது. கடற்கரையிலிருந்து அவ்வளவு தொலைவில் அங்கே மரங்கள் சாய்ந்து பாதை அடைபட்டது அதனால்தான். அந்த மலையில் 1899-இல் சூரிய ஆய்வகம் அமைந்ததற்குப் பின்னால் இருந்த எண்ணங்களில் ஒன்று, சூரியனின் போக்கைப் படித்தால் பருவமழை பொய்ப்பதற்கும் பஞ்சத்துக்கும் காரணம் தெரியுமா என்பது. மழையைப் புரிந்துகொள்ளும் ஆசை இந்த மலைகளில் பழையது.

மேகவெடிப்பு என்ற சொல்

பெருமழை பெய்த மறுநாள் ‘மேகவெடிப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். இந்திய வானிலைத் துறை அந்தச் சொல்லுக்கு வைத்திருக்கும் அளவு, சில பத்துச் சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ. அவலாஞ்சியின் 82 சென்டிமீட்டரை 24 மணிக்குப் பகிர்ந்தால் மணிக்குச் சுமார் மூன்றரை சென்டிமீட்டர். அங்கே எதுவும் வெடிக்கவில்லை, ஒரு காற்று விடாமல் ஒரு சுவரில் ஏறிக்கொண்டே இருந்தது. சொல்லை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றால், வெடிப்பு என்றதும் முன்கூட்டி அறிய முடியாத ஒன்று என்ற எண்ணம் வந்துவிடுகிறது. காற்று எந்தப் பக்கம், எத்தனை நாள் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியும், சொல்லவும் செய்கிறார்கள்.

வீட்டிலிருந்தே கவனிப்பது

நாளிதழில் வரும் மழைக்கணக்கு காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை. 7 முதல் 11 சென்டிமீட்டர் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 21-உம் அதற்கு மேலும் அதி கனமழை. எச்சரிக்கை மாவட்டத்துக்கு மொத்தமாக வரும். ‘நீலகிரிக்கு ஆரஞ்சு’ என்றால் ஆடியில் அதைக் கூடலூர், பந்தலூர், குந்தாவுக்கு என்றும், ஐப்பசியில் குன்னூர், கோத்தகிரிக்கு என்றும் முதலில் படிக்க வேண்டும். செல்போனில் காட்டும் முன்னறிவிப்பு பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாக மலையைச் சமப்படுத்திப் பார்ப்பது. ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு மழை என்பது அதற்குத் தெரிவதில்லை.

அதனால் சொந்தமாக அளப்பது நல்லது. அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமாக இருக்கும் எந்தப் பாத்திரமும் மழைமானிதான். உள்ளே நிற்கும் நீரை ஸ்கேலால் அளந்தால் மில்லிமீட்டர் வந்துவிடும், வாய் பெரிதோ சிறிதோ கவலையில்லை. குளிர்பான பாட்டிலை வெட்டி வைப்பவர்கள், அடியில் மேடுபள்ளமாக இருக்கும் பகுதியைச் சிமென்ட் ஊற்றி மட்டமாக்கிவிட்டு வைக்க வேண்டும். கூரையிலிருந்தும் மரத்திலிருந்தும் அவற்றின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். மரத்தடியில் வைத்தால் மழை பெய்யாத நாளிலும், மேகத்திலிருந்து இலையில் படிந்து சொட்டும் நீர் கணக்கில் ஏறிவிடும். மூன்று நாள் கூட்டுத்தொகையை எழுதிவைப்பது ஒரு நாள் அளவைவிட முக்கியம், சரிவு நினைவில் வைத்திருப்பது அந்தக் கூட்டுத்தொகையைத்தான்.

சில செல்போன்களில் அழுத்தமானி உண்டு. ஊட்டியில் அது சுமார் 780 மில்லிபார் காட்டும், கடற்கரையின் 1010-ஐ எதிர்பார்க்கக் கூடாது. 10 மீட்டர் ஏறினாலே ஏறக்குறைய 1 மில்லிபார் குறையும் என்பதால், போனை ஒரே அலமாரியில் வைத்துப் பார்த்தால்தான் பொருள் உண்டு. புதிதாகப் பார்ப்பவர்கள் மாலை 4 மணிக்கு அழுத்தம் இறங்குவதைக் கண்டு புயல் என்று பயப்படுவார்கள். நம் பகுதியில் அழுத்தம் தினமும் காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் உச்சம், விடியற்காலை 4 மணிக்கும் மாலை 4 மணிக்கும் தாழ்வு, ஏற்ற இறக்கம் 3 மில்லிபார் வரை. எனவே இன்று 4 மணியை நேற்றைய 4 மணியோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டும் 3 மில்லிபாருக்கு மேல் குறைந்திருந்து, மாதம் ஐப்பசியாகவும், புகை வடமேற்குப் பக்கம் சாய்வதாகவும் இருந்தால், மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பயணத்தை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு, பாத்திரத்தை வெளியே எடுத்து வைக்கலாம்.